பயாப்ஸி ஃபோல்டரில் இருந்த ஒரு வரி

பன்னிரண்டு மணிக்குள் ரேணுகா ஒரு பெயருக்குச் சரி சொல்லியாக வேண்டும். இப்போது பத்தே முக்கால். பெயரைத் தேடும் சிரமம்கூட அவளுக்கு இல்லை, மேனேஜர் ஸ்ரீவத்சனே எழுதி வைத்துவிட்டான், புண்ணியவான். இரண்டு பக்க அறிக்கை. அதில் 'காரணம்' என்று தலைப்புப் போட்ட கட்டத்துக்குள் நாலே வரி. முன்னாள் ஊழியர் செல்வின், பயாப்ஸி ஃபோல்டரில், பொது முறைக்கு மாறாக, குறிப்பு எதுவும் எழுதாமல், தன் இஷ்டத்துக்கு வைத்திருந்த ஒரு செட்டிங்தான் இந்தத் தவறுக்கு மூலம். அதற்குக் கீழே, தயாரித்தவர்: ரேணுகா தேவி. தயாரித்தவராம்! இன்றைக்கு அவள் தயாரித்தது பீன்ஸ் பொரியல் ஒன்றுதான், அதுவும் அடிப்பிடித்துவிட்டது. "ஒரு தடவ படிச்சுட்டு ஓகேன்னு எனக்கு ஒரு மெயில் போட்டுருங்க ரேணுகா, பன்னண்டுக்குள்ள" என்று மேசை ஓரமாக நின்று சொன்னவன், அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு சீடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனான். அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். சரவணம்பட்டியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஏசிக் குளிர் நேராக அவள் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டு அந்த நாலு வரியை ஆறாவது தடவையாகப் படித்தாள்.

இந்த ஆபீஸில் இது ஒரு வழக்கம். எது கெட்டாலும் வேலையை விட்டுப் போனவன் பேரை எழுதிவிடுவது. எந்தக் கூட்டத்திலும் யாரும் முடிவு செய்ததில்லை, எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை, ஆனால் புதிதாகச் சேருகிறவனுக்கு ஒரே மாதத்தில் பிடிபட்டுவிடும். கனடா போன ஒருத்தன் தலையில் இதுவரை ஒன்பது தப்பு ஏறியிருக்கிறது, அதில் இரண்டு அவன் விமானம் ஏறின பிறகு நடந்தவை! போனவர்களால்தான் இந்த ஆபீஸ் தினமும் கெடுகிறது, இருக்கிறவர்கள் தொட்டதெல்லாம் துலங்குகிறது. ரேணுகாவே அப்படி மூன்று அறிக்கை எழுதியவள்தான். மனசு உறுத்தினதா என்றால் இல்லை. டொரண்டோவில் வாசல் பனியை வாரிக்கொண்டிருக்கிறவனுக்குத் தன் பேர் கோயம்புத்தூரில் எந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவா போகிறது? தெரிந்தாலும் சிரித்துவிட்டுப் போவான். யாருக்கும் வலிக்காத பொய், சாம்பார் கெட்டியானால் கொஞ்சம் தண்ணீர் விடுவது மாதிரி. நேற்று சாயங்காலம்கூட ஸ்ரீவத்சன் கேட்டது அந்தச் சுருதியில்தான். "அந்த லைன் யார் எழுதினது?" "செல்வின்." "இப்ப இருக்காரா?" "இல்ல, போயிட்டாரு." "அப்ப சரி." அப்ப சரி! அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபோது அவளுக்கும் மூச்சு லேசாகத்தான் வந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் இன்று காலை ஏழரைக்குச் செல்வின் கூப்பிட்டான். "அக்கா, வேலையா இருக்கியளா?" நாகர்கோவில்காரன். ஐந்து வருஷம் இதே வரிசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. பெங்களூரில் பெரிய இடம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனான், அந்தப் பெரிய இடம் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரே மெயிலில் நானூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது, அதில் இவனும் ஒருத்தன். இப்போது மாமனார் வீட்டு மாடியில் இருக்கிறான். "ஒரு நல்ல விஷயம்க்கா. நாம சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்தோமே, அந்த லேப், அவங்களே என்னய வேலைக்கு எடுக்காங்க. எல்லாம் பேசி முடிஞ்சாச்சு. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லுதோம்னு சொல்லிருக்காங்க. பழைய ஆபீஸ்ல ஒரு வார்த்த விசாரிப்போம்னாங்க, நான் ஒங்க பேரத்தான் குடுத்திருக்கேன்." அவன் குரலில் எட்டு மாதமாக இல்லாத ஏதோ ஒன்று இருந்தது, பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி. "அதுக்கென்ன கண்ணு, நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா இரு" என்று இவள் வாய் சொல்லிவிட்டது. வாய்க்கென்ன, அது எதையும் சொல்லும். அறிக்கை போகப்போவது அதே லேபுக்கு. அங்கே அதைப் படிக்கப்போகிற ஆளும் இவனை வேலைக்கு எடுக்கப்போகிற ஆளும் ஒரே ஆள். செல்வினுக்குச் செவ்வாய்க்கிழமை நடந்தது எதுவும் தெரியாது. போனை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள், பீன்ஸ் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

நடந்தது என்ன? சொன்னால் நம்ப மாட்டார்கள், அவ்வளவு சின்னது. லேபுக்குப் பதினொரு பிரிவு. ரத்தம், சிறுநீர், சர்க்கரை, தைராய்டு என்று போய்க் கடைசியில் பயாப்ஸி. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு செட்டிங்ஸ் ஃபைல், பதினொன்றிலும் ஏறக்குறைய அதே எழுத்து. லேபின் போன் நம்பர் மாறினால் பதினொரு இடத்தில் மாற்ற வேண்டும், பத்தில் மாற்றிவிட்டு ஒன்றை மறக்க வேண்டும், அதற்கு ஒரு அறிக்கை எழுத வேண்டும். எதற்கு இந்தப் பிடுங்கல், மேலே பொதுவாக ஒரே ஒரு ஃபைல் வைத்தால் கீழே இருக்கிற ஃபோல்டர் எல்லாம் அதையே எடுத்துக்கொள்ளுமே, எதற்காவது தனியாக வேண்டுமென்றால் அந்த ஃபோல்டரில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டால் அங்கே அதுதான் செல்லும் என்று மூன்று வருஷமாகக் கரடியாகக் கத்தினவள் ரேணுகாதான். ஸ்ரீவத்சன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் அதையே தன் யோசனையாக லேப்காரர்களிடம் படம் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தான். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுருங்க ரேணுகா, உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி." முடித்தாள். மேலே ஒரு ஃபைலை எழுதிவிட்டு, கீழே இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து துடைத்தாள். பதினோராவதில், பயாப்ஸியில், ஒரு வரி வேறாக இருந்தது. ரிசல்ட்டை நோயாளியின் போனுக்கு நேராக அனுப்பலாமா என்பதற்கு மற்ற பத்திலும் 'ஆம்' என்று இருந்தது, இதில் 'இல்லை'. பார்த்தாள். அரை நொடி இருக்குமா? அழித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முப்பத்தோரு பேருடைய போனில் ரிசல்ட் போய் இறங்கிவிட்டது. டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்து, கூட வந்தவர்களையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்ல வேண்டியதை ஒரு மெசேஜ் சொல்லிவிட்டது. அதில் பத்தொன்பது பேருக்கு ஒன்றுமில்லை. மீதிப் பன்னிரண்டு பேரில் ஒரு அம்மாள் எழுதின கடிதத்தை அறிக்கைக்குப் பின்னால் இணைத்திருந்தார்கள். அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர். நோட்டுத் தாளில், பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல இருந்த காலேஜ்ப் பொண்ணுகிட்ட போனைக் குடுத்து என்னனு படிச்சுச் சொல்லு கண்ணுன்னு கேட்டேனுங்க. அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பேசாம இருந்துச்சுங்க.' அந்த இடத்தைத் தாண்டி ரேணுகாவால் ஒரு தடவைகூடப் படிக்க முடியவில்லை. அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருக்கும்? எப்படிச் சொல்லியிருக்கும்? ஆன்ட்டி, டாக்டர்கிட்டக் கேட்டுக்கங்க என்று போனைத் திருப்பிக் கொடுத்திருக்குமா? கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று நடுவில் புகுந்திருப்பானா? ரேணுகாவின் மகளும் காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டால் டவுன் பஸ்ஸில்தான் போகிறாள், அவள் கையில் இப்படி யாராவது ஒரு போனை நீட்டியிருந்தால்? சீ, எதோடு எதை முடிச்சுப் போடுகிறோம் என்று தலையை உதறிக்கொண்டாள், ஆனால் அந்தப் பொண்ணு மகளுடைய முகத்தோடுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது, வாயைத் திறக்கவில்லை.

சரி, குறிப்பு எழுதாதது அவன் தப்புதானே? பதினொரு மணி. காபி மெஷின் பக்கம் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். ஒரு வரி வேறாக வைக்கிறவன் அதற்குப் பக்கத்திலேயே ஏன் என்று நாலு வார்த்தை எழுத வேண்டாமா? கைவிரல் தேய்ந்தா போயிருக்கும்? செல்வின் எப்போதும் அப்படித்தான், ஒன்றையும் எழுதி வைக்க மாட்டான், கேட்டால் கோடிங்கே பேசும்க்கா என்பான். பேசிற்றே, நன்றாகப் பேசிற்று! டெஸ்ட் பண்ணுவதற்காக எதையாவது அணைத்து வைத்துவிட்டு மறந்துபோகிற பழக்கமும் அவனுக்கு உண்டு, அப்படி இரண்டு இடத்தில் இவளே கண்டுபிடித்துச் சரி செய்திருக்கிறாள், இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தாள், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அப்படியானால் அறிக்கையில் இருப்பது பொய் இல்லை. குறிப்பு எழுதாமல் வைத்திருந்தான், உண்மை. பொது முறைக்கு மாறாக வைத்திருந்தான், அதுவும் உண்மை. உண்மைக்கு ஓகே சொல்ல என்ன தயக்கம்? கை மவுஸ் வரைக்கும் போயிற்று. ஆனால் ஒரு போன் போட்டிருக்கலாம். ஏன்டா செல்வின், இந்த லைன் எதுக்கு என்று ஒரே ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவன் என்ன கலெக்டர் மீட்டிங்கிலா இருந்திருப்பான், முதல் ரிங்கிலேயே எடுத்திருப்பான். ஏன் போடவில்லை? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ் ஐந்தே முக்காலுக்கு அல்லவா! அப்புறம் ஏன் போடவில்லை? இந்த இடத்துக்கு வந்தவுடன் மனசு முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றுவிட்டது, இழுத்தால் கிழிகிறது, விட்டால் அங்கேயே தொங்குகிறது.

பயம் வேறு. பயத்தை எதற்கு மறைக்க வேண்டும், அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கணபதியில் வீட்டுக்காரர் நடத்தின லேத் பட்டறை போன வருஷம் ஷட்டரை இறக்கினது இறக்கினதுதான், அவர் இப்போது காலையில் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துவிட்டு, இவள் கிளம்பும்போது, பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட, வண்டிச் சீட்டைத் துடைத்து வைக்கிறார். இந்த ஆபீஸில் நாற்பதைத் தாண்டின பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள், இப்போது இவள் ஒருத்தி. கடைசியாகப் போன அந்த அம்மாள், பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள், செக்யூரிட்டி பக்கத்தில் நிற்க, ஐடி கார்டைக் கழுத்திலிருந்து எடுத்தபோது அது தோட்டில் மாட்டிக்கொண்டது. யாரும் எழுந்து போய் எடுத்துவிடவில்லை. ரேணுகாவும் போகவில்லை, ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவள் தோட்டில் மாட்டினால் எவன் வருவான்? காரணம் என்கிற கட்டத்துக்குள் தன் பேரைப் போட்டுக்கொள்வது என்றால் அந்த செக்யூரிட்டியை வா என்று கூப்பிடுவதுதான். நமக்கெதுக்குங்க வம்பு என்பது அவள் பிறந்த வீட்டிலும் பேச்சு, புகுந்த வீட்டிலும் பேச்சு. அப்பா தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் அதைச் சொல்லியே ஓய்வு பெற்றார், அவளுக்குள்ளும் அதுதான் ஊறிக் கிடக்கிறது, யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. செல்வினுக்கு வயது நாற்பத்தொன்று, இன்னொரு வேலை கிடைக்கும். கிடைக்குமா? எட்டு மாதமாகக் கிடைக்காதது இன்னும் எட்டு நாளிலா கிடைத்துவிடும்?

எட்டு மாதம் என்றவுடன் அந்த மூன்று போன் ஞாபகத்துக்கு வந்தது. வந்தது என்ன, காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தது, இவள்தான் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். வேலை போன வாரத்தில் செல்வின் மூன்று தடவை கூப்பிட்டான். ஒரு தடவை ரேணுகா மீட்டிங்கில் இருந்தாள், சரி. இரண்டாவது தடவை போன் மேசைமேல் கிடந்து துடித்தது, பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை டிராயருக்குள் போட்டு மூடினாள். வேலை கேட்பான், ஸ்ரீவத்சனிடம் சொல்லச் சொல்வான், சொன்னால் தன் பேர் கெடும், சொல்லாவிட்டால் அவன் முகத்தில் எப்படி முழிப்பது. அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, பொங்கலுக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினான், சர்க்கரைப் பொங்கல் பொங்குகிற படம். பதிலுக்கு இவள் இரண்டு கை கூப்பி அனுப்பினாள். அப்படிப்பட்டவனைப் போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, என்னமோ தினமும் பேசுகிறவள் மாதிரி, ஏன்டா இந்த லைன் எதுக்கு என்று எந்த வாயால் கேட்பது? அதுதான் விஷயம். பஸ்ஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் விட்டாள், முப்பத்தோரு பேருக்கு மெசேஜ் போயிற்று.

பதினொன்றரை. இதோடு நின்றிருந்தாலாவது தேவலை. வெட்கம் ஒரு குற்றமா என்று தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு ஓகே போட்டிருப்பாள். ஆனால் கழுத்தில் இறங்கின அந்தக் குளிரோ என்னமோ, எங்கிருந்தோ ஒரு மழைநாள் வந்து நின்றது. எதிர்ச்சாரி பேக்கரியில், தகரக் கூரையடியில், அவனும் இவளும் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு அவன் லேப்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தான். "எங்கம்மாக்கு கவுண்டர்ல ஒரு பய கவரத் தூக்கிக் குடுத்தான்க்கா, உள்ள என்ன இருக்குன்னே அவனுக்குத் தெரியாது. அம்மா அத வாங்கிட்டு, படிக்கத் தெரியாம, வீட்டுக்கு வந்து எங்கிட்ட நீட்டுனா. நான்தான் படிச்சேன். அதான் பயாப்ஸிக்கு மட்டும் நேரா போவக்கூடாதுன்னு வச்சிருக்கேன், டாக்டர் பாத்து சொல்லட்டும்." மழைச் சத்தத்தில் கத்திக்கொண்டுதான் சொன்னான். "அத எங்கயாவது எழுதி வைடா, நாளைக்கு யாராவது மாத்திருவாங்க" என்று சொன்னவள் இவள்தான். அவன் பன்னை டீயில் முக்கிக்கொண்டே சிரித்தான். "ஒங்களுக்குத் தெரியும்லா, பின்ன என்ன?" ஐயோ! ரேணுகா வாய்விட்டே சொல்லிவிட்டாள், அடுத்த நாற்காலிக்காரன் திரும்பிப் பார்த்தான். குறிப்பு இல்லாமல் இல்லை. அந்தக் குறிப்பு இவள்தான். இவளை நம்பித்தான் அவன் எழுதாமல் விட்டான், இவள் அரை நொடியில் அழித்தது அவன் அம்மாவுக்காக அவன் போட்ட வரியை. தெரிந்திருந்தும் மறந்தாள். எப்படி மறந்தாள்? அவனை மறந்த அன்றைக்கே அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

அந்த நாலு வரியையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பொதுச் செட்டிங்ஸ் ஃபைலுக்கு மாற்றும்போது, பயாப்ஸி ஃபோல்டரில் தனியாக இருந்த வரியை ரேணுகா தேவி விசாரிக்காமல் அழித்ததே இந்தத் தவறுக்குக் காரணம். அந்த வரியின் நோக்கம் அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. செல்வின் அதைச் சரியாகவே அமைத்திருந்தார். படித்துப் பார்த்தாள். நாற்பத்து நாலு வயதில் முதல் தடவையாகத் தான் எழுதின ஒன்று தன்னுடைய எழுத்து மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் முகம் வந்தது, வண்டிச் சீட்டைத் துடைக்கிற அந்தத் துணி வந்தது, வரட்டும் என்று அனுப்பினாள். மணி பதினொன்று நாற்பது. அனுப்பிவிட்டு நாற்காலியில் இருக்க முடியவில்லை, எழுந்து ஸ்ரீவத்சன் அறைக்கே போனாள்.

அவன் அப்போதுதான் அதைத் திறந்து படித்துக்கொண்டிருந்தான். "என்ன ரேணுகா இது? ஓகேன்னு ஒரு வார்த்த போடச் சொன்னா என்னென்னவோ எழுதியிருக்கீங்க?"

"நடந்தது அதுதானுங்க. இதையே லேபுக்கு அனுப்பிருங்க."

"லேபுக்கா? அது காலைல ஒம்பதரைக்கே போயிருச்சே. அவங்களும் பாத்துட்டு, சரி, இதோட முடிச்சுக்கலாம்னு பதில் போட்டுட்டாங்க." அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை, உண்மையிலேயே இவளுக்கு ஏன் புரியவில்லை என்றுதான் பார்த்தான்.

"பன்னண்டுக்குள்ளன்னு சொன்னீங்களே?"

"அது உங்க ஓகே மெயில். ஆடிட்டுல கேட்டா ஃபைல்ல ஒண்ணு இருக்கணும்ல? நீங்க எப்படியும் ஓகேதானே சொல்வீங்கன்னு நான் அனுப்பிட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். முடிஞ்சதத் தோண்டாதீங்க. இந்த மெயில நான் பாக்கல, டெலிட் பண்ணிடறேன். நீங்க போய் அந்த ஒரு வார்த்தைய மட்டும் அனுப்புங்க."

லேபின் நம்பர் அவளுக்கு மனப்பாடம், பதினொரு ஃபைலில் அவள் கையால் எழுதின நம்பர். இங்கேயே நின்று கூப்பிட்டுச் சொல்லலாம், எவன் தடுப்பான்? கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றபோது அவளுக்குள் முதலில் வந்து இறங்கினது நிம்மதி. வேலை போகவில்லை, மகள் படிப்பு நிற்கவில்லை, செக்யூரிட்டி வரவில்லை, தானும் உண்மையைத்தான் எழுதினோம், இனி என்ன செய்ய முடியும். அந்த நிம்மதியை அவள் தன் நெஞ்சுக்குள்ளேயே கையும் களவுமாகப் பிடித்தாள். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை தன்மேல் கோபப்பட்டிருக்கிறாள், இந்த அளவுக்கு அருவருத்ததில்லை. இருந்தாலும் கால் தன் மேசைக்குத்தான் திரும்பி வந்தது. உட்கார்ந்தாள், ஓகே என்று அடித்தாள், அனுப்பினாள்.

பன்னிரண்டு பத்துக்குப் போன் துடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"அக்கா, இப்பதான் லேப்லருந்து கூப்பிட்டாங்க. வேண்டாம்னுட்டாங்க. என்ன ஏதுன்னு ஒண்ணும் சொல்லல." செல்வின் குரல் சாதாரணமாகவே இருந்தது, அப்படி வைத்துக்கொள்ள அவன் படுகிற பாடுதான் கேட்டது. "ஒங்கள்ட்ட யாராவது விசாரிச்சாங்களாக்கா?"

"இல்ல கண்ணு. யாரும் கேக்கலயே."

"அதானே பாத்தேன்" என்றான் அவன். "ஒங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா கண்டிப்பா குடுத்திருப்பாங்க."

"ஆமா கண்ணு" என்றாள் ரேணுகா.